வீட்டை வாடகைக்கு விட்டுப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இந்த இரண்டிலும் தேறி வந்தவர்கள் கூடத் திணறுகிற மூன்றாவது பரீட்சை ஒன்று இருக்கிறது. வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுப் பார்ப்பதுதான் அது.

சென்னையில் இந்தப் பரீட்சைக்குப் பலர் துணிந்து உட்காரும் இடம் தியாகராய நகர். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஒருவர் ஓய்வு பெறுகிறார். பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் ஒரே சமயத்தில் கைக்கு வருகின்றன. விஷயம் எப்படியோ தரகர் காதுக்கு எட்டிவிடுகிறது.

"பாங்கியிலே போட்டால் என்ன சார் கிடைக்கும்? மாம்பலத்திலே ஒரு பிளாட்டை வாங்கிப் போடுங்க. மாசா மாசம் வாடகை வரும். வீட்டு விலையும் ஏறிக்கிட்டே இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்கிறார் தரகர்.

தரகர் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்றவற்றில் ஓரளவு உண்மை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடிய சொத்து உலகத்தில் எங்கும் கிடையாது. வாடகை வீடு என்பது பாங்கியில் போட்ட டிபாசிட் அல்ல. அது ஒரு வியாபாரம். அந்த வியாபாரத்தின் மறுபக்கத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. இந்த இரண்டையும் உணர்ந்தவர்களுக்கு வாடகை வீடு முதுமையில் ஊன்றுகோலாக இருக்கும். உணராதவர்களுக்கு அதுவே தலைச்சுமையாகிவிடும்.

ஏரியின் மேல் எழுந்த நகர்

தியாகராய நகருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அது தானாக வளர்ந்த பேட்டை அல்ல. திட்டமிட்டு எழுப்பிய நகர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, நீதிக் கட்சி ஆட்சிக் காலத்தில், மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரிப் பகுதியில் மனைகள் பிரிக்கப்பட்டன. நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் 1925இல் காலமானார். அவர் பெயரே நகருக்கு நிலைத்தது. முதல் மந்திரியாக இருந்த பனகல் அரசர் பெயரில் நடுவே பூங்கா அமைந்தது. உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா என்று அக்காலப் பிரமுகர்களின் பெயர்கள் சுற்றிலும் நிற்கின்றன.

அகலமான சாலைகளும் தோட்டம் சூழ்ந்த வீடுகளுமாக இருந்த நகர், பின்னர் கடை வீதியாயிற்று. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு வழியாகப் பண்டிகைக் கூட்டம் பெருக்கெடுத்தது. பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்கு மாடி வீடுகள் எழுந்தன. ரயில், பஸ், பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இங்கே வாடகைக்கு வர ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் நகரின் பெயருக்காகவே வாங்குகிறவர்கள் அதன் பூர்வோத்தரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஏரி தன் இடத்தை மறப்பதில்லை. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் பல தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. மாம்பலம் கால்வாயை ஒட்டிய தெருக்களில் இந்தத் தொல்லை அதிகம். ஆகவே வீடு பார்க்கப் போகிறவர் சித்திரை மாதத்து வெயிலில் ஒரு முறை பார்த்தால் போதாது; ஐப்பசி மழையிலும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பொழுதில்லை என்றால் தெருமுனையில் உள்ள மளிகைக் கடைக்காரரையோ, இஸ்திரி போடுகிறவரையோ விசாரித்தால் போதும். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

மழைக்குத் தண்ணீர் நிற்கும் தெருவில் கோடைக்குத் தண்ணீர் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்கு ஊரே காத்துக் கிடந்தது. கிணறு உண்டா, ஆழ்குழாய்க் கிணறு எத்தனை அடி, தொட்டி எவ்வளவு கொள்ளும், மழைநீர்ச் சேகரிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது, சுவரின் வர்ணத்தைப் பார்ப்பதைவிட முக்கியம். குடித்தனக்காரர் ஒருவர் வீட்டை விட்டுப் போவதற்கு வாடகை காரணமாக இருப்பது பாதி. தண்ணீர் காரணமாக இருப்பது மறு பாதி.

முதலில் பென்சிலை எடுங்கள்

இனி கணக்கைப் பார்ப்போம். புரிவதற்காக ஒரு முழுத் தொகையை எடுத்துக் கொள்ளலாம். பழைய பிளாட் ஒன்றின் விலை ரூ. 1 கோடி. மறுவிற்பனை வீட்டிற்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 4 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து ரூ. 9 லட்சம். தரகு, வக்கீல் கட்டணம், வர்ணம், மின்கம்பி மாற்றும் செலவு எல்லாவற்றிற்கும் ரூ. 3 லட்சம் என்று வைத்தால், வீடு குடிவரத் தயாராகும்போது முடங்கிய பணம் ரூ. 1 கோடியே 12 லட்சம்.

வாடகை மாதம் ரூ. 28,000 என்று கொள்வோம். வருஷத்திற்கு ரூ. 3,36,000. பலர் இங்கேயே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். மீதிக் கணக்குத்தான் முக்கியம். ஒரு குடித்தனம் போய் மறு குடித்தனம் வருவதற்குள் வீடு காலியாகக் கிடப்பதற்கு வருஷம் ஒரு மாத வாடகையை ஒதுக்க வேண்டும்: ரூ. 28,000. சொத்து வரி ரூ. 8,000. மொட்டை மாடி ஒழுக்கு, லிப்ட், மோட்டார் முதலியவற்றில் நம் பங்கு ரூ. 24,000. வெள்ளையடிக்கவும் சில்லறை ரிப்பேருக்கும் ரூ. 16,000. ஆக, செலவு ரூ. 76,000. கையில் நிற்பது ரூ. 2,60,000. போட்ட பணத்திற்கு இது நூற்றுக்கு இரண்டே கால் ரூபாய்க்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அண்மை ஆண்டுகளில் பாங்கி டிபாசிட்டுக்கு ஆறு, ஏழு சதவிகிதம் வட்டி கிடைத்து வந்திருக்கிறது. அப்படியானால் வாடகை வீடு நஷ்டமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பாங்கியில் போட்ட அசல் வளர்வதில்லை; விலைவாசி ஏற ஏற அதன் மதிப்பு தேய்கிறது. வீட்டு வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது. மனையின் விலையும் நாளடைவில் ஏறக் கூடும். வரியிலும் சலுகை உண்டு. கட்டிய சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவிகிதத்தைக் கழித்துக் கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் மாதச் செலவுக்கே இந்தப் பணத்தை நம்பியிருக்கும் ஒருவர், கைப்பொருள் முழுவதையும் ஒரே பிளாட்டில் முடக்கினால், வைத்தியச் செலவு வரும்போது ஒரு ஜன்னலை மட்டும் விற்க முடியாது. ஓய்வுப் பணத்தில் பாதிக்கு மேல் ஒரே வீட்டில் போடாதிருப்பது நல்லது.

கடன் வாங்கி வாடகை வீடு வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதே வீட்டிற்கு ரூ. 70 லட்சம் கடன், 20 வருஷத் தவணை, 8.5 சதவிகித வட்டி என்றால் மாதத் தவணை சுமார் ரூ. 60,700. செலவு போக வாடகை மாதம் ரூ. 21,700. மீதி ரூ. 39,000 சம்பளத்திலிருந்து போக வேண்டும். "வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வைக்கலாம்.

இதே பணத்திற்கு ரயில் பாதையின் அந்தப் பக்கம், மேற்கு மாம்பலத்தில் என்ன கிடைக்கும், தாம்பரம் மார்க்கத்தில் என்ன கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். ஊரின் பெயரை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்து, வருஷ வாடகையை மொத்த முதலால் வகுத்துப் பாருங்கள். எந்த வீடு நூற்றுக்கு அதிகம் தருகிறதோ, எந்த வீடு காலியாகக் கிடக்காதோ, அதுவே வாடகைக்கு ஏற்ற வீடு. தான் குடியிருக்க விரும்பும் வீடு வேறு, வாடகைக்கு விட வாங்கும் வீடு வேறு என்பதை மறக்கலாகாது.

பத்திரம் பேசும்

வீட்டைக் கண்ணால் பார்த்தால் போதாது. காகிதத்திலும் பார்க்க வேண்டும். தாய்ப் பத்திரம், அதிலிருந்து இன்று வரை கைமாறிய பத்திரங்கள், குறைந்தது 30 வருஷத்து வில்லங்கச் சான்றிதழ், பட்டா, சொத்து வரி ரசீது, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை நமக்கென்று அமர்த்திய வக்கீல் ஒருவர் பார்க்க வேண்டும். விற்பவருடைய வக்கீல் பார்த்தது போதாது.

பிளாட் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இரண்டு பொருள்கள்: ஒன்று கட்டடம், மற்றொன்று பிரிக்கப்படாத மனையில் ஒரு பங்கு. கட்டடம் வருஷத்திற்கு வருஷம் கிழடாகிறது. விலை ஏறுவது மனைப் பங்குக்குத்தான். இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் எட்டு பிளாட்டுகள் இருந்தால் ஒருவர் பங்கு சுமார் 600 சதுர அடி. அதே மனையில் இருபது பிளாட்டுகள் இருந்தால் 240 சதுர அடிதான். இரண்டு வீடுகளும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கலாம்; பத்திரத்தில் உள்ள பங்குதான் வித்தியாசத்தைக் காட்டும்.

தியாகராய நகரில் வயதான பிளாட்டுகள் ஏராளம். இடித்துக் கட்ட வேண்டிய காலம் பல கட்டடங்களுக்கு வந்துவிட்டது. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் காரியம் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்கு மாடி வீட்டு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்தது; மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டடத்திற்கு வழி உண்டு என்று ஆயிற்று. பழைய பிளாட் வாங்குகிறவர் அங்குள்ள சங்கத்தின் கணக்கையும், மற்ற உரிமையாளர்களின் எண்ணத்தையும் விசாரித்துக் கொள்வது நல்லது. நாளை அவர்களோடுதான் காலம் தள்ள வேண்டும்.

அனுமதிக்கு மாறாகக் கட்டிய மாடியில் வீடோ கடையோ மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதைத் தொடாமலிருப்பதே மேல். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதி மீறிக் கட்டப்பட்ட பெரிய பெரிய கட்டடங்களுக்கே சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சீல் வைத்தது. பின்னர் 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவின் பேரில் அவை தற்காலிகமாகத் திறக்கப்பட்டன. கோடிக்கணக்கில் புரளும் வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போகலாம். பென்ஷன்காரர் எத்தனை படி ஏற முடியும்?

மற்றொரு கடமையையும் சொல்ல வேண்டும். விலை ரூ. 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், 1 சதவிகிதத்தை வருமான வரியாகப் பிடித்து சர்க்காருக்குச் செலுத்துவது வாங்குகிறவருடைய பொறுப்பு. விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் இந்த விகிதம் வேறு. முன்கூட்டியே ஆடிட்டரைக் கேட்டுவிட வேண்டும்.

பழைய பயம்

வீட்டுக்காரர்களிடம் ஒரு பயம் குடிகொண்டிருக்கிறது. "குடித்தனம் வைத்தால் காலி செய்ய மாட்டான்" என்பதே அது. இந்தப் பயத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு.

இரண்டாவது மகாயுத்தக் காலத்தில் வாடகை உயர்வைக் கட்டுப்படுத்த 1941இல் சென்னையில் ஓர் உத்தரவு பிறந்தது. மறு வருஷம் ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்று அஞ்சி ஜனங்கள் ஊரைக் காலி செய்ததும், பிறகு திரும்பி வந்ததும் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை. யுத்தம் முடிந்தது; கட்டுப்பாடு முடியவில்லை. 1946, 1949, 1960 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 60 வருஷம் நின்றது. வாடகை தராதது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது போன்ற குறிப்பிட்ட காரணங்களை நிரூபித்தால்தான் குடித்தனக்காரரை வெளியேற்றலாம். சிறு வழக்குகள் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு ஹைகோர்ட்டு வரை போகும். அப்பா போட்ட வழக்கை மகன் முடித்து வைத்த குடும்பங்களும் உண்டு.

வீட்டுக்காரர் கொடுங்கோலராக இருந்த இடத்தில் இந்தச் சட்டம் ஏழைக் குடித்தனக்காரரைக் காப்பாற்றியது, அதை மறுக்கலாகாது. ஆனால் அளவுக்கு மிஞ்சியபோது அதுவே நஞ்சாயிற்று. பம்பாயில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் பல வீடுகளின் வாடகையை 1940ஆம் ஆண்டு மட்டத்திலேயே நிறுத்தி வைத்தது. வாடகை ரிப்பேருக்கே போதாத நிலையில் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அந்தக் கட்டுப்பாடு காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று 1997இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல நேர்ந்தது. சென்னையிலும் சிலர் வழக்குக்குப் பயந்து வீட்டைப் பூட்டியே வைத்தார்கள். பூட்டிய வீட்டால் சொந்தக்காரருக்கும் லாபமில்லை, வீடு தேடி அலைகிறவருக்கும் பயனில்லை.

புதிய சட்டம் கேட்பது என்ன?

அந்தப் பழைய சட்டம் இன்று இல்லை. 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை எவ்வளவு என்பதை வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் பேசி முடிவு செய்து கொள்ளலாம். ஆனால் பேசியதை எழுத வேண்டும். எழுதியதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கு இணையதள வசதி இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவெண் கிடைக்கும். இருவரிடமும் ஒவ்வொரு கையெழுத்துப் பிரதி இருக்க வேண்டும்.

பதினோரு மாத ஒப்பந்தத்தை ஸ்டாம்புத் தாளில் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டுவதோடு காரியம் முடிந்தது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரு வருஷத்திற்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் பதினோரு மாத வழக்கம் ஏற்பட்டது. வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டியது அதனால் நீங்கிவிடாது. வாயால் பேசி வாடகைக்கு விட்டவர், தகராறு வந்த அன்று கையில் காகிதமின்றி நிற்பார்.

அட்வான்ஸ் விஷயத்திற்கு வருவோம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுநாள் வழக்கம். ரூ. 28,000 வாடகை வீட்டிற்கு ரூ. 2,80,000! புதிதாக உத்தியோகத்தில் சேர்ந்து குடும்பம் நடத்தும் ஒருவர் இதற்கு எங்கே போவார்? வேறு விதமாக ஒப்பந்தம் செய்து கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று சட்டம் சொல்கிறது. இந்த விலக்கையே வாசலாக்கிக் கொண்டு பழைய வழக்கத்தைத் தொடர்வது சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தலாம். அதன் நோக்கத்துக்குப் பொருந்தாது. வாங்கிய அட்வான்ஸை மகள் கல்யாணத்திற்குச் செலவழித்துவிட்டு, குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தரட்டும், அப்புறம் உங்களுக்குத் தருகிறேன்" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அட்வான்ஸ் வீட்டுக்காரருடைய வருமானம் அல்ல, அடுத்தவர் பணம். அதைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பதுதான் மானமுள்ள வழி.

எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் உண்டு. சுவர், கூரை போன்ற கட்டட வேலைகள், வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. குழாயின் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைகள் குடித்தனக்காரருடையவை. சச்சரவு முற்றினாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை. வாடகைக்கு ரசீது தர வேண்டும். வீட்டைப் பார்வையிட வேண்டுமானால் முன்னறிவிப்பு கொடுத்துத்தான் போக வேண்டும். மறுபுறம், குடித்தனக்காரர் இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீசு கொடுத்தும் ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிட்டால் வாடகைக் கோர்ட்டை அணுகலாம். சொந்தக்காரர் சம்மதமின்றி உள்குடித்தனம் வைக்கலாகாது. இரு தட்டும் ஓரளவு சமமாகத்தான் இருக்கின்றன.

யாருக்கு விடுவது?

மேற்கு மாம்பலத்திலும் தியாகராய நகரிலும் வீடு தேடிப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது அவருடைய சம்பளம் அல்ல. "நீங்க என்ன ஆளுங்க?", "சைவமா, அசைவமா?" என்பவைதான் முதல் கேள்விகள். கல்யாணமாகாத வாலிபர் என்றால் கதவு பாதியிலேயே சாத்தப்படுகிறது. தனியாக வாழும் பெண் என்றாலோ கேள்விகளுக்கு முடிவே இல்லை.

ஜாதியும் மதமும் ஒழுங்காக வாடகை தருவதற்கு உத்தரவாதம் அல்ல. அது மனிதத் தன்மைக்கும் பொருந்தாது, வியாபாரத்திற்கும் பொருந்தாது. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வருஷ வருமானத்தில் நூற்றுக்கு எட்டு ரூபாய் போயிற்று. வரக் கூடியவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர், தம் பணத்தையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்புகிறார். கேட்க வேண்டியவை வேறு: வேலை என்ன, சம்பளச் சீட்டு உண்டா, முன்பு எங்கே குடியிருந்தார், அந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், எத்தனை பேர் தங்குவார்கள்? இதற்கு மேல் துருவ வேண்டியதில்லை.

நல்ல குடித்தனக்காரர் கிடைத்துவிட்டால் அவரைத் தக்க வைத்துக் கொள்வதே பெரிய லாபம். இதற்கும் கணக்கு உண்டு. ஒப்பந்தத்திற்கு மேல் மாதம் ரூ. 2,000 அதிகம் கேட்டு, அதனால் அவர் காலி செய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், போன ரூ. 28,000ஐத் திரும்பப் பெறப் பதினான்கு மாதம் ஆகும். தரகும் வர்ணமும் தனி. வருஷத்திற்கு எத்தனை சதவிகிதம் ஏற்றுவது என்பதை முதலிலேயே எழுதிக் கொண்டால் இந்தச் சங்கடமே இல்லை.

"சார், பாத்ரூம் குழாய் ஒழுகுது. போன மாசமே சொன்னேன்."

"பார்க்கலாம், ஆள் அனுப்பறேன்."

இந்த "பார்க்கலாம்" என்ற வார்த்தைதான் பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது. சில நூறு ரூபாயில் முடியும் ஒழுக்கு, சுவருக்குள் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, காரையை உதிர்த்து, பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடுகிறது. முறையிடும் குடித்தனக்காரர் தொல்லைக்காரர் அல்ல. சம்பளமில்லாமல் நம் வீட்டைக் காவல் காக்கிறவர் அவர்.

மின்சாரத்திற்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். ஒரே மீட்டரில் பல குடித்தனங்களை வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமாக ஒரு விலை போட்டு வசூலிப்பது நெடுநாளைய புகார். சர்க்கார் அளிக்கும் மின்சாரச் சலுகை குடியிருப்பவருக்கு உரியது. இடையில் நிற்பவருக்கு அல்ல.

நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்

வாடகை வீட்டை நிர்வகிக்கப் பெரிய ஆபீசு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாடகை வந்த தேதி, ரசீது எண், சொத்து வரி கட்டிய தேதி, ரிப்பேர் செலவு, பிளம்பர், எலக்ட்ரீஷியன் பெயர் ஆகியவற்றை அதில் எழுதி வர வேண்டும். குடிவரும் நாளன்று வீட்டின் நிலையைக் குடித்தனக்காரரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, படமெடுத்து, விசிறி எத்தனை, விளக்கு எத்தனை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொண்டால், காலி செய்யும் நாளில் சண்டை வராது. வாடகை பாங்கி வழியாக வருவது இருவருக்கும் நல்லது. வாடகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ரிப்பேர் நிதியாக ஒதுக்க வேண்டும். சொத்து வரியை அரையாண்டுக்கு ஒரு முறை தவணை தவறாமல் கட்ட வேண்டும். சென்னையில் 1998க்குப் பிறகு 2022இல்தான் சொத்து வரி பெரிய அளவில் உயர்ந்தது. வரி என்றும் ஒரே நிலையில் இருக்கும் என்று கணக்குப் போடலாகாது.

பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, வீடு மட்டும் மாம்பலத்தில் இருக்கிற குடும்பங்கள் பல. இவர்கள் உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மறந்து விடுகிறார்கள். யாருக்கு எந்த அதிகாரம் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகை வசூலிக்கவும் ரிப்பேர் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. வருஷத்திற்கு ஒரு முறை வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் புதிதாக வந்தால் போதாது. அது ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்பதே தெரியாமல் வீடு விடுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கணினி பழகாத முதியவர்களுக்கு உதவ வட்டாரந்தோறும் ஓர் ஏற்பாடு இருந்தால், இரு தரப்பாரும் வாழ்த்துவார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏரியாக இருந்த இடத்தில் இன்று ஆயிரக்கணக்கான கதவுகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ கதவுகளுக்கு இரண்டு சாவிகள். ஒன்று வீட்டுக்காரரிடம், மற்றொன்று குடித்தனக்காரரிடம். ஒருவர் முதுமைக்குச் சேர்த்ததைப் போட்டிருக்கிறார். மற்றவர் தம் பெண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறார். இருவருக்கும் அது வீடுதான். கணக்கு பார்த்து வாங்கி, காகிதத்தில் எழுதி, சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் இருவரும் நிம்மதியாகத் தூங்கலாம். தரகர் சொன்னபடி கண்ணை மூடிக்கொள்வது அப்போதுதான் பொருந்தும்.